கப்பித்தேன் மார்தியின் ஆறு மாத அவகாசம்

புதுச்சேரி, 16 ஆகஸ்ட் 1962, வியாழன்

இன்று காலை ஒரு முடிவு எடுக்கப்பட்டது. இனி மாலை நடைக்குக் குடை கிடையாது, கைத்தடி மட்டும். இந்த விஷயம் ஜூன் மாதத்திலிருந்தே பரிசீலனையில் இருந்தது. கடற்காற்றின் திசை, என் இடது முழங்கால், ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் மழையில்லாத நாளில் குடையோடு தென்படுவதால் உண்டாகும் தோற்றம் ஆகிய மூன்றும் தனித்தனியே ஆராயப்பட்டன. என் மனைவி பிலோமினின் கருத்தும் கேட்கப்பட்டது. "எதையாவது எடுத்துக்கிட்டுப் போங்க. இருட்டறதுக்குள்ள வந்துடுங்க, அவ்வளவுதான்" என்றாள். ஆதரவு என்று குறித்துக்கொண்டேன்.

மற்றபடி, இன்று புதுச்சேரி சட்டப்படி இந்தியாவின் பகுதியானது. நடைமுறையில் எட்டு வருஷமாக அப்படித்தான் இருக்கிறது. காகிதம் இன்றுதான் வந்து சேர்ந்தது. விழாவுக்கு அழைப்பு இருந்ததால் போனேன். நாற்காலிகள் ஒரே கோட்டில் போடப்படவில்லை.

மாலையில் நல்ல மழை.

17 ஆகஸ்ட்

நேற்றைய காகிதத்தின் சாரம் இது. இந்த ஊரில் பிறந்து இந்த ஊரிலேயே குடியிருக்கும் பிரெஞ்சுக் குடிமக்கள், சும்மா இருந்தால் இந்தியர் ஆகிவிடுவார்கள். பிரெஞ்சுக்காரராகவே இருக்க விரும்புகிறவர் ஆறு மாதத்துக்குள் நேரில் வந்து, எழுதிக் கையெழுத்திட வேண்டும். கடைசி நாள் பிப்ரவரி பதினைந்து. இதற்கு ஊரில் 'ஒப்சியோன்' என்று பெயர் வழங்குகிறது. எதைத் தேர்ந்தெடுப்பது என்று டீக்கடை முதல் கோயில் வாசல் வரை ஒரே பேச்சு.

எங்கள் குடும்பத்துக்கு இது புதிதல்ல. 1882இல் என் தாத்தா, சாதி வழக்கங்களைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்கிறேன் என்று எழுதிக் கொடுக்கப் போனார். குடும்பப் பெயர் ஒன்று வேண்டும் என்றார் எழுத்தர். தாத்தா அதைப் பற்றி யோசித்து வைத்திருக்கவில்லை. அன்று செவ்வாய்க்கிழமை. பிரெஞ்சில் செவ்வாய்க்கு 'மார்தி'. ஆகவே மூன்று தலைமுறையாக நாங்கள் செவ்வாய்க்கிழமைகள். என் முழுப்பெயர் அமலோர் மார்தி. பிரெஞ்சுக் காலனிப் படையில் கப்பித்தேன், அதாவது கேப்டன், பணி ஓய்வு 1954. ஊரில் கப்பித்தேன் என்றால் வீட்டைக் காட்டுவார்கள்.

3 செப்டம்பர்

ஒப்சியோன் அலுவலகத்துக்குச் சென்றேன். மேசையில் இருந்தவர் முசியே (திருவாளர்) தனராசு. நம் ஊர்க்காரர், மரியாதை தெரிந்தவர். மூன்று படிவங்கள் கேட்டேன்.

"உங்களுக்கு ஒண்ணு, அம்மாவுக்கு ஒண்ணு. மூணாவது யாருக்குங்க?"

"மகனுக்கு. எமில் மார்தி. சார்ஜென்ட்."

"அவரு நேர்ல வரணுமே."

"டூட்டியில இருக்கான்."

"எங்கங்க?"

"தொங்கின்ல. வட வியட்நாம்."

தனராசு பேனாவைக் கீழே வைத்தார். "கப்பித்தேன், அங்க நம்ம ஆளுங்க யாரும் இல்லாம எட்டு வருஷம் ஆவுதுங்களே."

அவர் சொன்னது தகவலளவில் சரி. 1954 மே மாதம் எமில் இருந்த கோட்டை விழுந்தது. அன்று முதல் அவன் நிலை 'காணவில்லை' என்பது. இது ஒரு நிர்வாகச் சொல். இறந்தவருக்கு வேறு சொல் இருக்கிறது. அதை அவர்கள் பயன்படுத்தவில்லை. படையில் சொற்கள் கவனமாகத் தேர்ந்தெடுக்கப்படுகின்றன என்பதைத் தனராசுவுக்கு எடுத்துரைத்தேன். மேலிடத்தில் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். மூன்று படிவங்களும் கொடுத்தார்.

வரும் வழியில் கத்தரிக்காய் வாங்கினேன். பூச்சி.

14 செப்டம்பர்

தனராசு வீட்டுக்கே வந்தார். மேலிடத்துப் பதிலைப் படித்துக் காட்டாமல் தன் வார்த்தையில் சொன்னார். அது நல்ல எண்ணத்தில்தான் என்று நினைக்கிறேன்.

காணாமல்போனவருக்குக் கடைசியாகத் தெரிந்த வீட்டு முகவரியே குடியிருப்பு. எமிலுக்கு அது இந்த வீடு. பிறந்ததும் இந்த ஊர். ஆகவே அவனும் பிப்ரவரி பதினைந்துக்குள் நேரில் வந்து கையெழுத்திட வேண்டும். வராவிட்டால் மறுநாள் முதல் அவன் இந்தியன்.

"இல்லேன்னா ஒரு வழி இருக்குதுங்க. நீங்களும் அம்மாவும் சேர்ந்து எழுதிக் குடுத்தா, சாட்சி ஒருத்தர் இருந்தா, அவரு அம்பத்துநாலுலயே இறந்துட்டாருன்னு தீர்ப்பு வாங்கலாம். அப்போ பிரெஞ்சுச் சிப்பாயா இறந்தவரு. இந்தக் கேள்வியே எழாது. போர் நினைவுக் கல்லுல பேரும் வெட்டுவாங்க."

"அவன் உயிரோடிருந்தால் இந்தியன். இறந்தால் பிரெஞ்சுக்காரன். அப்படித்தானே?"

"சட்டம் அப்படித்தாங்க சொல்லுது."

சட்டத்தில் முரண்பாடு எதுவும் இல்லை. ஒத்துக்கொண்டேன்.

பிலோமின் கதவுக்குப் பின்னால் நின்று முழுவதும் கேட்டாள். தனராசு போன பிறகு, "காப்பி கூடக் குடுக்கலையே அவருக்கு" என்றாள்.

30 செப்டம்பர்

படிவத்தில் பணி விவரம் கேட்கிறார்கள். சுருக்கமாக எழுத முயன்றேன்.

1925இல் மூன்றாம் குடியரசில் சிப்பாயாகச் சேர்ந்தேன். 1939இல் அதிகாரி. சைகோனில் எங்கள் அலுவலகச் சுவரில் ஓர் ஆணி இருந்தது. அதில் குடியரசுத் தலைவரின் படம். 1940இல் பிரான்ஸ் ஜெர்மனியிடம் தோற்றது. தலைவரை இறக்கிவிட்டு, ஜெர்மனியோடு சமாதானம் செய்து ஆட்சிக்கு வந்த மார்ஷலை மாட்டச் சொன்னார்கள். இளைய அதிகாரி என்ற முறையில் மாட்டினேன். மார்ஷலுக்கு விசுவாசமாக இருப்பேன் என்று பிரமாணமும் எடுத்தோம். அதே ஆண்டு புதுச்சேரி, மார்ஷலை எதிர்த்த ஜெனரலின் பக்கம் போய்விட்டது. ஆக, நான் பணியாற்றிய அரசுக்கு என் பிறந்த ஊர் எதிரி நாடு. பிலோமினும் எமிலும் அப்போது இங்கே இருந்தார்கள். கடிதப் போக்குவரத்து நின்றது.

1945 மார்ச்சில் ஜப்பானியர் எங்களைச் சிறையில் அடைத்தார்கள். வெளியே வந்தபோது அந்த ஆணியில் வியட்நாம் புரட்சிக்காரர் ஒருவரின் படம் இருந்தது. சில வாரங்களில் அதை இறக்கி ஜெனரலை மாட்டினோம். பிறகு ஜெனரலும் பதவி விலகினார். ஆணி நல்ல ஆணி.

1946இல் விசாரணை. மார்ஷலுக்கு ஏன் கீழ்ப்படிந்தாய் என்று கேட்டார் ஒரு கொமாந்தான், அதாவது மேஜர். அவர் 1940இல் எனக்கு முன்வரிசையில் நின்று அதே பிரமாணத்தை என்னைவிட உரக்க எடுத்தவர். உத்தரவு என்றேன். எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள் என்று சலித்துக்கொண்டார். பதவி உயர்வு நான்கு வருஷம் தள்ளிப்போனது. 1950இல் கப்பித்தேன்.

1951இல் இருபது வயது எமிலைப் படையில் சேர்க்கச் சிபாரிசுக் கடிதம் கொடுத்தேன்.

படிவத்தில் இடம் போதவில்லை. 'தொடர்ச்சியான பணி, 1925-1954' என்று எழுதினேன்.

21 அக்டோபர்

வட எல்லையில் சீனாவோடு சண்டை மூண்டிருக்கிறதாம். மாலை நடையில் எல்லோரும் என்னிடம் கருத்துக் கேட்டார்கள். மலையில் சண்டை கஷ்டம் என்றேன். ஆழமான கருத்தாக எடுத்துக்கொண்டார்கள்.

கடற்கரையில் கப்ரால் (கார்ப்பரல்) ஏகாம்பரம் எதிரே வந்தார். எமிலோடு அதே கோட்டையில் இருந்தவர். 1954 செப்டம்பரில் கைதிகளோடு திரும்பிவிட்டார். இப்போது வாடகை சைக்கிள் கடை வைத்திருக்கிறார். பார்க்கும்போதெல்லாம் நிமிர்ந்து நின்று சல்யூட் வைப்பார். பிறகு, படை வழக்கப்படி 'என் கப்பித்தேன்' என்று பிரெஞ்சில் விளித்து, எப்போதும் ஒரே பேச்சு.

"மோன் கப்பித்தேன், ஒரு விஷயம்."

"பிறகு."

"சரிங்க, மோன் கப்பித்தேன்."

படையில் மேலதிகாரி அனுமதிக்காமல் கப்ரால் எதையும் அறிவிக்க முடியாது. நல்ல விதி. இத்தனை வருஷமாக இருவரும் அதைப் பின்பற்றி வருகிறோம்.

2 நவம்பர், கல்லறைத் திருநாள்

ஊரே மெழுகுவத்தியும் சாமந்தியுமாகக் கல்லறைக்குப் போனது. எங்களுக்கு என் பெற்றோர் கல்லறையும் பிலோமினின் பெற்றோர் கல்லறையும் இருக்கின்றன. இரண்டையும் கழுவினோம்.

அதன் பிறகு வழக்கம்போலப் பிலோமின் வடக்கு மூலைக்குப் போனாள். அங்கே 1871இல் காய்ச்சலில் இறந்த ஒரு பிரெஞ்சு மாலுமியின் கல் இருக்கிறது. சொந்தம் பந்தம் யாரும் கிடையாது; கல்லில் பாதி எழுத்து உதிர்ந்துவிட்டது. அதைத் தேய்த்துக் கழுவி, பெரிய மெழுகுவத்தியை அங்கேதான் ஏற்றுகிறாள். எங்கள் பெற்றோருக்குச் சிறிய மெழுகுவத்தி. ஏன் அந்தக் கல் என்று நான் கேட்டதில்லை. வயது இருபத்து மூன்று என்பது மட்டும் இன்னும் தெளிவாகத் தெரிகிறது.

நான் வாசலில் நின்றேன். முழங்கால்.

11 நவம்பர், ஞாயிறு

போர் வீரர் நாள். நினைவுக் கல் வரை அணிவகுப்பு. பழைய சிப்பாய்கள் பதக்கங்களோடு வந்தார்கள். மார்பைவிடப் பதக்கங்கள் அகலமாகிவிட்ட சிலரும் இருந்தார்கள். நான் முன்னால் நடந்தேன். வரிசை திருப்தி.

முடிந்து கலைவதற்குள் சீன யுத்தத்துக்கு ஆதரவு திரட்டும் கூட்டம் ஒன்று அதே இடத்துக்கு வந்துவிட்டது. பேச்சாளர் எங்கள் பதக்கங்களைப் பார்த்து நெகிழ்ந்து, "தாய்நாட்டுக்கு உயிர் கொடுக்கத் தயாரான முன்னாள் வீரர்கள் ஓரடி முன்னால் வாருங்கள்!" என்றார்.

கப்ரால் ஏகாம்பரம் என் காதருகே, "மோன் கப்பித்தேன், நாம இப்ப எந்த நாடுங்க?" என்று கேட்டார்.

"பிப்ரவரி பதினைந்து வரை அசைய வேண்டாம்" என்றேன்.

கைதட்டல் நின்ற பிறகு கலைந்தோம்.

நினைவுக் கல்லில் கடைசிப் பெயருக்குக் கீழே இன்னும் இடம் இருக்கிறது. நான் தேடிப் பார்க்கவில்லை, கண்ணில் பட்டது. பிலோமின் அந்த இடத்தில் ஏதோ தூசி இருப்பதுபோல் முந்தானையால் துடைத்தாள்.

26 நவம்பர்

கிணற்றுச் சகடைக்கு எண்ணெய் போடப்பட்டது.

9 டிசம்பர்

மதியச் சாப்பாட்டின்போது பிலோமின், "வெள்ளிக்கிழம போயிக் கையெழுத்துப் போட்டுட்டு வந்துட்டேன்" என்றாள்.

"எதுக்கு?"

"பிரெஞ்சுக்காரியா இருக்கேன்னு."

"நீ பிரெஞ்சு பேசி நான் கேட்டதே இல்லையே."

"பேசச் சொல்லல. கையெழுத்துதான் கேட்டாங்க."

"எட்டு வருஷமா அந்தக் கொடியப் பாத்தாலே திட்டுறவ நீ."

"இன்னமும் திட்டுவேன். அதுக்கென்ன. என் புள்ள அந்த ஊர்க்காரனாத்தான் போனான். நான் வேற ஒண்ணா ஆயிட்டு அவன எங்கன்னு போய்த் தேடுறது?"

"போகல. காணவில்லை."

"ரசம் ஊத்தவா?"

ஊற்றினாள். பிறகு, "அந்த இன்னொரு காகிதத்துலயும் நான் என் பங்குக்குப் போட்டுட்டேன். உங்க கையெழுத்துதான் பாக்கி. ஏகாம்பரம் சாட்சி சொல்றேன்னிருக்காரு" என்றாள்.

ரசத்தில் உப்பு கூடுதல் என்று சொன்னேன். இருந்தது.

23 டிசம்பர்

பங்குச் சாமியார் என்னைத் தனியே அழைத்தார்.

"கப்பித்தேன், நான் என்னா பண்றது நீங்களே சொல்லுங்க. எமிலுக்கு இறந்தோர் பூசை வைங்கன்னு அம்மா வந்து நிக்கிறாங்க. எமில் சுகமாத் திரும்பி வரணும்னு நீங்க வருஷா வருஷம் கிறிஸ்மசுக்குப் பூசைக்குச் சொல்றீங்க. ஒரே ஆளுக்கு ரெண்டையும் வச்சா ஆண்டவரு எதைக் கேப்பாரு?"

"மூத்த அதிகாரி கேட்டதை."

"உங்க வீட்டுல மூத்த அதிகாரி யாரு?"

சாமியார் படையில் இருந்தவரல்ல. ஆகவே கைத்தடியை எடுத்துக்கொண்டு புறப்பட்டேன்.

இரண்டு பூசையும் இப்போதைக்கு நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது.

20 ஜனவரி 1963, ஞாயிறு

பூசை முடிந்ததும் பிலோமின் கப்ரால் ஏகாம்பரத்தை வீட்டுக்கு அழைத்து வந்து சாப்பாட்டு மேசையில் உட்காரச் சொன்னாள். நான் உட்காரும் வரை அவர் நின்றார். காப்பி வந்தது. அவருடைய சட்டையில் இரண்டாவது பொத்தான் இல்லை.

"மோன் கப்பித்தேன், ஒரு விஷயம்."

"பிறகு."

"பிறகு இல்ல" என்றாள் பிலோமின். "இப்ப. சொல்லு ஏகாம்பரம்."

இரண்டு உத்தரவுகள் முரண்பட்டால் பதவியில் உயர்ந்தவர் உத்தரவே செல்லும். கப்ரால் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பிறகு காப்பியைப் பார்த்துக்கொண்டு பேச ஆரம்பித்தார்.

"கோட்டை விழுந்தப்புறம் எங்கள நடக்க வச்சாங்க. எத்தினி நாளுன்னு தெரியாது. தம்பி நல்லாத்தான் நடந்துச்சு. எனக்குக் கால்ல புண்ணு வந்து, என் மூட்டையும் சேத்து அதுவே தூக்கிச்சு. அப்புறம் வயித்துப்போக்கு புடிச்சிக்கிச்சு. எல்லாருக்கும் இருந்துச்சு. தம்பிக்கு ரொம்ப..."

தேதி என்ன என்று கேட்டேன்.

"தேதி எப்படிங்க தெரியும். மழ ஆரம்பிச்சிடுச்சு."

இடத்தின் பெயர்?

"ஒரு ஆத்தங்கர. மூங்கிலா இருந்துச்சு."

தொங்கினில் எல்லா ஆற்றங்கரையிலும் மூங்கில்தான் என்று சுட்டிக்காட்டினேன். ஆமாங்க என்றார். மருத்துவர் யாராவது பார்த்துச் சொன்னாரா என்றேன்.

"மருத்துவர் எங்கங்க. காலைல எழுப்புனோம். எழுந்திரிக்கல. நானும் ஒரு மொரோக்கோக்காரனும் மூங்கிலால தோண்டுனோம். ஆழமாத் தோண்ட முடியல, மோன் கப்பித்தேன். எங்களுக்கும் தெம்பு இல்ல. அத நெனச்சாத்தான்..."

காப்பி ஆறுகிறது என்று நினைவூட்டினேன். அவர் குடிக்கவில்லை.

"முந்தின நாளு ஒண்ணு சொல்லுச்சு. 'அண்ணே, நான் வரிசைய விட்டுட்டுக் கீழ உக்காந்துட்டேன்னு அப்பாகிட்ட சொல்லிடாதீங்க'ன்னு. அதனாலதான் இத்தினி வருஷமா, உங்களப் பாக்குறப்பல்லாம் சொல்லவும் வாய் வருது, சொல்லாதன்னும் சொல்லிச்சே அந்தப் புள்ளன்னு..."

அறிக்கையின் குறைபாடுகள்: தேதி இல்லை, இடம் இல்லை, மருத்துவச் சான்று இல்லை, இரண்டாவது சாட்சி மொரோக்கோவில் இருக்கிறார், பெயர் தெரியாது. தவிர, சொல்ல வேண்டாம் என்று சார்ஜென்ட் ஒருவர் கேட்டுக்கொண்டதைக் கப்ரால் ஒருவர் மீறியிருக்கிறார். அறிக்கை ஏற்கத்தக்கதல்ல என்று அவரிடம் தெரிவித்தேன்.

எழுந்து சல்யூட் வைத்தார். "சரிங்க, மோன் கப்பித்தேன்" என்றார். வாசலில் செருப்பு மாட்ட அவருக்கு நெடுநேரம் ஆயிற்று.

பிலோமின் சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். காலையில் தேய்த்த அதே பாத்திரங்கள்.

21 ஜனவரி

மாலை நடை இல்லை. முழங்கால்.

22 ஜனவரி

இல்லை.

24 ஜனவரி

நோயுற்ற சிப்பாய் அணிநடையில் வரிசையை விட்டு உட்காருவது குற்றம் அல்ல. விதிகளில் அதற்குத் தெளிவாக இடம் இருக்கிறது. எந்தத் தண்டனையும் கிடையாது. சார்ஜென்டாக இருந்தவனுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். பயிற்சியில் சொல்லியிருப்பார்கள்.

வீட்டில் அது பேச்சில் வந்ததில்லை.

3 பிப்ரவரி

ஊரில் கடைசி நேர அவசரம். ஒரே வீட்டில் அண்ணன் பிரெஞ்சுக்காரன், தம்பி இந்தியன் என்று பிரிந்துகொள்கிறார்கள். எதிர்வீட்டுக் கல்யாணப் பேச்சு முறிந்தது. மாப்பிள்ளை வீட்டார் பெண்ணின் நிறத்தைப் பற்றிக்கூடக் கேட்கவில்லை, ஒப்சியோன் ஆயிற்றா என்று மட்டும் கேட்டார்களாம். பெண்ணின் தகப்பனார் தேசபக்தர். இப்போது வருந்துகிறார்.

பிலோமின் கையெழுத்திட்ட அந்த இன்னொரு படிவத்தில் 'காணாமல்போனவரைத் தேட எடுத்துக்கொண்ட முயற்சிகள்' என்றொரு பத்தி இருக்கிறது. எழுதினேன்.

1954 செப்டம்பரில் விடுவிக்கப்பட்ட கைதிகள் கப்பல் கப்பலாகச் சைகோனுக்கு வந்தார்கள். எனக்கு அப்போது கிடங்கில் வேலை. துறைமுகத்தில் எனக்கு வேலை எதுவும் இல்லை. ஆயினும் ஒவ்வொரு கப்பலுக்கும் போனேன். இறங்கும் ஏற்பாடு நன்றாக இருந்தது. நடக்க முடிந்தவர்கள் முதலில், பிறகு தூக்குக் கட்டில்கள். எல்லோரும் மெலிந்து ஒரே முகமாக இருந்ததால் ஒவ்வொருவரையும் கிட்டப்போய்ப் பார்க்க வேண்டியிருந்தது. சிலர் என் சீருடையைப் பார்த்துப் படுத்தபடியே சல்யூட் வைத்தார்கள். இனிக் கப்பல் இல்லை என்று அறிவித்த மறுநாளும் போனேன். துறைமுகத்தில் அரிசி இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

படிவத்தில் 'நேரில் விசாரிக்கப்பட்டது' என்று எழுதினேன்.

15 பிப்ரவரி, வெள்ளி

கடைசி நாள். சவரம், வெள்ளைச் சட்டை, பதக்கங்கள் இல்லாமல். இரண்டு காகிதங்கள் எடுத்துச் சென்றேன். ஒன்று என்னுடைய ஒப்சியோன். மற்றது எமிலுடைய மரணத் தீர்ப்புக்கான விண்ணப்பம். பிலோமின் ஏற்கெனவே கையெழுத்திட்டது. புறப்படும்போது என் காலரைச் சரிசெய்தாள். இந்த வேலையை அவள் சில வருஷங்களாகச் செய்வதில்லை.

தெரு முனை வரை வரிசை. நின்றேன். மாலை நெருங்கும்போது மேசை வந்தது. தனராசு களைத்திருந்தார். விண்ணப்பத்தைப் புரட்டினார்.

"எல்லாம் சரியா இருக்குதுங்க. இறந்த தேதி மட்டும் போடல."

"தெரியவில்லை."

"உத்தேசமாப் போடுங்க. ஜூன்னு போடுங்க. கோர்ட்டுல சரி பண்ணிக்குவாங்க."

"உத்தேசமா ஒருத்தன் எப்படிச் சாவான், முசியே தனராசு?"

பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். தனராசு குரலைத் தாழ்த்தினார். "கப்பித்தேன், கோச்சுக்காதீங்க. இன்னிக்கு விட்டா ரெண்டு பேருக்குமே முடிஞ்சிடும். உங்களோடதையாவது குடுங்க. முப்பது வருஷம் அவங்களுக்கு உழைச்சிருக்கீங்க."

என் பேனா எழுதவில்லை என்று சொன்னேன். தன் பேனாவைக் கொடுத்தார். அதுவும் எழுதவில்லை என்று சொன்னேன். அவர் அதை வாங்கித் தன் உள்ளங்கையில் ஒரு கோடு போட்டுப் பார்த்தார். கோடு விழுந்தது. எனக்குப் பின்னால் நின்றவரைக் கூப்பிட்டார்.

காரணத்தை இங்கே குறித்து வைப்பது முறை. நாளை முதல் எமில் இந்தியன். அவன் திரும்பி வரும்போது கதவைத் திறப்பவர் வெளிநாட்டு அதிகாரியாக இருந்தால் நிர்வாகத்துக்குச் சிரமம்.

வீட்டில் பிலோமின் வாசலிலேயே நின்றாள்.

"போட்டீங்களா?"

"கூட்டம் அதிகம்."

என் முகத்தைப் பார்த்தாள். உள்ளே போய் விளக்கைப் போட்டாள்.

16 பிப்ரவரி

எமில் இந்தியன் ஆனான். நானும்.

9 மார்ச்

காலைப் பூசையில் சாமியார், இன்றைய பூசை 'ஒரு தாயின் கருத்துக்காக' என்று அறிவித்தார். எந்தத் தாய், என்ன கருத்து என்று சொல்லவில்லை. பீடத்தில் இறந்தோர் பூசைக்கு விரிக்கும் கறுப்புத் துணி இருந்தது. பிலோமின் முன்வரிசையில் முழந்தாளில் இருந்தாள். பக்கத்தில் ஏகாம்பரத்தின் மனைவி. கோயிலுக்குள் வர வழக்கமில்லாத ஏகாம்பரம் தூணருகே நின்றார். புதுச் சட்டை, எல்லாப் பொத்தானும் இருந்தன.

நான் வெளியே வேப்பமரத்தடியில் நின்றேன். ஜன்னல் திறந்திருந்ததால் எல்லாம் கேட்டது. உட்காரச் சொல்லி யாரோ நாற்காலி கொண்டுவந்தார்கள். வேண்டாம் என்றேன்.

14 ஜூலை, ஞாயிறு

பிரெஞ்சுத் தேசிய நாள். அணிவகுப்பில் நடக்கப் பிரெஞ்சுக் குடிமக்களுக்கு மட்டுமே அழைப்பு. நடைபாதையில் நின்று பார்த்தேன். முன்னால் இப்போது, கப்பித்தேனுக்குப் பல படி கீழான ஓர் ஓய்வுபெற்ற அஜுதான் நடக்கிறார். கையை அதிகமாக வீசுகிறார். கப்ரால் ஏகாம்பரம் மூன்றாவது வரிசையில் வந்தார். நடக்கும்போது இடப்புறம் திரும்பி எனக்குச் சல்யூட் வைத்தார். அணிநடையில் உத்தரவில்லாமல் அப்படிச் செய்வது தவறு.

பதிலுக்கு வைத்தேன்.

மாலையில் சைக்கிள் கடைப் பக்கம் போனேன். எமில் தூக்கிய அந்த மூட்டை என்ன கனம் இருக்கும் என்று கேட்டேன். சொன்னார்.

5 ஆகஸ்ட்

காவல்துறையிலிருந்து ஒரு ஏட்டு வந்தார். ஊரிலுள்ள வெளிநாட்டவர்களைப் பதிவு செய்கிறார்களாம். நல்ல மனிதர், விழுப்புரத்துக்காரர். பிலோமினைப் பார்த்து, வெளிநாட்டவர் எங்கே என்று கேட்டார். நான்தான் என்றாள். கொஞ்ச நேரம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பெயர், வயது, பிறந்த இடம் எல்லாம் எழுதினார். பிறந்த இடம் இரண்டு தெரு தள்ளி.

"வெளியூருல தங்கறதா இருந்தா ஸ்டேஷன்ல ஒரு வார்த்த சொல்லிட்டுப் போங்கம்மா. ரூல்ஸ்." பிறகு தாளைத் திருப்பினார். "வீட்டுல மொத்தம் எத்தன பேரு?"

நான் வாயைத் திறப்பதற்குள் பிலோமின், "மூணு" என்றாள்.

"நீங்க, ஐயா... மூணாவது?"

"மகன். எமில்."

"அவரு எந்த நாட்டுக்காரரு?"

"இந்தியா."

"இப்ப இருக்காரா?"

"வெளிய போயிருக்கான்."

வெளிநாட்டவர் ஒருவர், இந்தியர் இருவர் என்று எழுதிக்கொண்டு, குடும்பத் தலைவர் என்ற இடத்தில் என் கையெழுத்தை வாங்கிக்கொண்டு போனார்.